பெங்களூர் வரை மேஜரோடு

அய்யாத்துரைக்கு உட்காரத் தெரியாது என்பது அவர் மனைவி ஆறுமுகத்தாயின் நெடுநாள் குற்றச்சாட்டு. தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்னால் அவர்கள் குடியிருந்த பத்துக்குப் பத்து அறையில் உட்கார இடம் குறைவுதான். இடம் இருந்தாலும் அவர் உட்காரமாட்டார். யாரோ கூப்பிடப் போகிறார்கள் என்பதுபோல ஒரு காலைக் குத்துக்கால் வைத்துக்கொண்டு சாப்பிடுவார். டீயை நின்றபடியே குடிப்பார். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடைத்தால் மத்தியானத்துக்குள் மாட்டுங்காவுக்கு நடந்துபோய், முதலாளி வீட்டு வாசலில் நிற்கிற காரைத் துடைத்துவிட்டு வருவார். ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் மட்டும் எட்டு மணி நேரமானாலும் அசையமாட்டார்.

"ஒமக்குக் காருதான் வீடு. நானும் சந்திரலேகாவும் வழியில ஏறின சவாரி" என்பாள் ஆறுமுகத்தாய். சந்திரலேகா அவர்களுடைய ஒரே மகள். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் எட்டாவது படித்தாள்.

முதலாளி அனந்தநாராயணன் ஒரு கப்பல் கம்பெனியில் அதிகாரி. ஒன்பது வருஷமாக அவருடைய லேண்ட்மாஸ்டர் காரை அய்யாத்துரைதான் ஓட்டினார். வண்டியில் ஒரு கீறல் விழவில்லை. 1964ஆம் வருஷம் மார்ச்சில் அனந்தநாராயணன் ஓய்வு பெற்றார். மல்லேஸ்வரத்தில் வீடு கட்டி முடிந்திருந்தது. ஏப்ரலில் மாட்டுங்கா பிளாட்டைக் காலி செய்துவிட்டுப் பெங்களூர் போவதென்று முடிவாயிற்று. அந்த முடிவோடு அய்யாத்துரையின் வேலையும் முடிந்தது.

ஆனால் அனந்தநாராயணன் ஒரு வழி சொன்னார். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையில் டிரைவர் இடம் ஒன்று காலியாகிறது. அங்கே ஒரு அதிகாரியை அவருக்குத் தெரியும். ஏப்ரல் கடைசித் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆள் எடுக்கிறார்கள். கடைசியாக வேலை பார்த்த இடத்திலிருந்து கடிதம் இல்லாமல் வருகிறவனை கேட்டுக்குள்ளேயே விடமாட்டார்கள்.

"கார் பெங்களூர் வந்து சேரணும். மேஜரும் வந்து சேரணும். ரெண்டையும் நல்லபடியா கொண்டுவந்து சேர்த்துடு. அங்கேயே உட்கார்ந்து லெட்டர் எழுதித் தரேன். நீ ரயிலேறித் திங்கட்கிழமைக்குள்ளே திரும்பிடலாம்" என்றார்.

பக்கா வேலை, நிரந்தரம். காக்கி உடுப்பு, பிராவிடண்டு பண்டு, காலையில் எட்டு மணிக்குப் போனால் ஐந்து மணிக்கு வீடு. முதலாளி சினிமாவுக்குப் போனால் தியேட்டர் வாசலில் காத்துக் கிடக்கவேண்டாம். முப்பத்தொன்பது வயதில் இன்னொரு முதலாளி வீட்டு வாசலைத் தேடவேண்டாம். ஆறுமுகத்தாய் இதைக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்: "நாயப் பத்திரமாக் கொண்டு சேருங்க."

மேஜர் ஆறு வயது நாய். எதிர் பிளாட்டில் இருந்த பார்ஸிக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனது. பாதி அல்சேஷன், மீதி என்னவென்று யாருக்கும் தெரியாது. முதலாளியின் மனைவி, குழந்தை இல்லாத கனகவள்ளியம்மாள் அதைத் தன் கையால் தயிர் சாதம் பிசைந்து போட்டு வளர்த்தார். காலையில் பால், மத்தியானம் தயிர் சாதம், ராத்திரி தயிர் சாதம், வெள்ளிக்கிழமை ஒரு ஸ்பூன் நெய். அந்த வீட்டு அடுக்களையில் வெங்காயமே சில நாள்தான் நுழையும். மேஜரும் ஒரு குறையும் சொன்னதில்லை.

ரயிலில் நாயைக் கார்டு பெட்டியோடு இருக்கிற இரும்புக் கூண்டில்தான் போடவேண்டும். கனகவள்ளியம்மாள் அதற்கு ஒப்பவில்லை. காரில் வந்தால் அவருக்கு மலைப்பாதையில் தலை சுற்றும். அதனால் முதலாளியும் அம்மாளும் ரயிலில், மேஜர் அய்யாத்துரையோடு காரில் என்று ஏற்பாடு. ஹூப்ளி வரை துணைக்கு ஒரு ஆளை ஏற்றிக்கொள்ளலாமா என்று அய்யாத்துரை கேட்டதற்கு அனந்தநாராயணன் சரி என்றார்.

துணைக்கு வந்தவர் கரீம் பாட்சா. தாராவியில் டயர் ஒட்டுகிற கடை வைத்திருந்தார். மேலப்பாளையத்துக்காரர், ஐம்பது வயது. மகள் அக்தர் பானுவை ஹூப்ளியில் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு ஏழாம் மாதம்; பார்த்துவிட்டு வரவேண்டும்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கனகவள்ளியம்மாள் டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைத்தார். சாதத்தில் பாலை நிறைய விட்டு, ஒரு கரண்டி தயிர் மட்டும் போட்டுப் பிசைந்திருந்தார். போகப் போகத் தோயும், புளிக்காது.

"இன்னிக்கு ரெண்டு வேளைக்கும் இது போறும். நாளைக்கு உடுப்பி ஹோட்டல்லே கேட்டு வாங்கிக்கோ. தாளிச்சுக் கொடுத்தா வாங்காதே, கடுகு அவனுக்கு ஆகாது. வேற ஒண்ணும் கொடுக்கப்படாது. ரொட்டி, பிஸ்கட், ஒண்ணும். புரிஞ்சுதா?"

"சரிம்மா."

"அவன் என்னைத் தேடுவான். பேசிண்டே வா."

மேஜர் பின் சீட்டில் ஏறியது. இதுவரை தாதர் கடற்கரை தாண்டிப் போயறியாத நாய். செம்பூர் வரை ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஜோராக வந்தது. தானா ஊரைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தது. பிறகு அது நிலைகொள்ளவில்லை. இந்த ஜன்னலுக்கும் அந்த ஜன்னலுக்கும் தாவிற்று. சீட்டின்மேல் ஏறி, பின் கண்ணாடி வழியாக விட்டுவந்த ரோட்டைப் பார்த்து ஊளையிட்டது. அய்யாத்துரையின் தோளில் முன்னங்கால்களை வைத்துக் காதுக்குள் மூச்சுவிட்டது.

முன் சீட்டில் கரீம் பாட்சா கதவோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாயின் எச்சில் பட்டால் அந்தச் சட்டையோடு தொழ முடியாது. அதற்காக ஒரு செட் துணியைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

"வே, ஒம்ம மேஜர் சாப் எனக்கு முத்தம் கொடுக்காம பாத்துக்கிடும். இந்தக் கட்டுல ஒரு துணிதான் இருக்கு."

"அது எங்கிட்டதான் பாய் கொஞ்சுது."

"கொஞ்சலவே. ஒம்ம கழுத்தப் பிடிச்சு வண்டியைத் திருப்பச் சொல்லுது."

கண்டாலா மலைப்பாதையில் மேஜர் வாந்தி எடுத்தது. வண்டியை ஓரம் கட்டி, கழுவி, ரேடியேட்டருக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பூனாவில் ஒரு மர நிழலில் நிறுத்தி, எனாமல் தட்டில் தயிர் சாதத்தை வைத்தார் அய்யாத்துரை. மேஜர் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. தண்ணீரும் குடிக்கவில்லை. "கமான் மேஜர், ஈட், ஈட்" என்று அம்மாள் சொல்வதைப்போலவே சொல்லிப் பார்த்தார். மாட்டுங்காவில் எல்லார் வீட்டு நாய்களுக்கும் இங்கிலீஷில்தான் சொல்லவேண்டும். கரீம் பாட்சா வேறு பக்கம் பார்த்துச் சிரித்தார்.

சதாராவில் லாரிக்காரர்கள் தங்குகிற இடத்தில் ராத்திரி படுத்தார்கள். அங்கேயும் அது சாப்பிடவில்லை. கயிற்றின் நீளத்துக்குக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தது. படுத்தது, எழுந்தது, மறுபடி சுற்றியது. அதோடு சேர்ந்து அய்யாத்துரையும் எழுந்து நின்றார்.

"நாயி சுத்துதா, நீரு சுத்துதீரான்னு தெரியல. ரெண்டு பேரும் படுங்கவே" என்றார் கரீம் பாட்சா போர்வைக்குள்ளிருந்து.

"ஒரு வாய் திங்கலயே பாய். வழியில ஏதாவது ஆச்சுன்னா நான் எந்த மூஞ்சியோட போய் லெட்டர் கேப்பேன்?"

"பசிச்சாத் திங்கும்."

புதன்கிழமை காலையில் கோலாப்பூரில் உடுப்பி ஹோட்டல் ஒன்றைத் தேடிப் பிடித்து, தாளிக்காத தயிர் சாதம் கேட்டார் அய்யாத்துரை. நாய்க்கு என்று சொல்லவில்லை. கல்லாவில் இருந்தவர், "வயிறு சரியில்லையா?" என்று அக்கறையோடு கேட்டு, ஒரு துண்டு நாரத்தங்காயும் வைத்துக் கட்டிக்கொடுத்தார். நாரத்தங்காயை கரீம் பாட்சா தின்றார். சாதத்தை ஒரு காகம் தின்றது. மேஜர் அதைப் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று வெயில் வண்டியின் கூரையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. கோலாப்பூர் தாண்டிய பிறகு பின் சீட்டில் சத்தமில்லை. முதலில் அது நல்லதாகப் பட்டது. பிறகு பயமாயிற்று. நிப்பாணியில் நிறுத்திப் பார்த்தபோது மேஜர் சீட்டுக்குக் கீழே, காலை நீட்டுகிற இடத்தில் சரிந்து கிடந்தது. நாக்கு தொங்கிற்று. கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பியது. வாலில் அசைவில்லை. அய்யாத்துரை தண்ணீரைக் கையில் அள்ளி வாயில் விட்டார். அது ஓரமாக வழிந்து போயிற்று.

அவர் வண்டியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தார். விக்ரோலி கேட்டை அவர் பார்த்ததில்லை. ஆனால் அது மூடுவது கண்ணுக்குத் தெரிந்தது.

"பாய், என்ன செய்ய?"

கரீம் பாட்சா கீழே இறங்கி, எட்ட நின்று நாயைப் பார்த்தார். "நான் டயர் ஒட்டுதவன். ஆனா ஒண்ணு சொல்லுதேன். அது ஆறு வருஷமா அந்தம்மா கையிலதான் தயிர்ச் சோறு தின்னுருக்கு. அந்தக் கை இல்லாம அதுக்கு அது சோறா? வேற எதையாவது போட்டாத்தான் வாயைத் தொறக்கும்."

"வேற எதுவும் கொடுக்கப்படாதுன்னு சொல்லிருக்காவ."

"அப்போ பெங்களூருக்கு நாயைக் கொண்டு போறீரா, தோலைக் கொண்டு போறீரா?"

எதிரே ஒரு கானாவளி இருந்தது. மராட்டிக்காரர்கள் சாப்பாட்டுக் கடை. உள்ளே மட்டன் ரஸ்ஸா கொதிக்கிற வாசனை ரோடு வரை வந்தது. அய்யாத்துரை உள்ளே போய் ஒரு தட்டு வாங்கிவந்தார். குழம்பு நெருப்பாகச் சிவந்து, எண்ணெய் மிதந்தது. குழாயடியில் உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக எடுத்து, காரம் போகிற வரைக்கும் அலசினார். கடைக்காரன் அடுப்பை விட்டுவிட்டு வந்து நின்று பார்த்தான். மட்டனைக் குழாயில் கழுவுகிற மதராஸியை அவன் அதற்கு முன் பார்த்திருக்கமாட்டான்.

முதல் துண்டை மூக்கருகில் வைத்தபோது மேஜர் அசையவில்லை. மூக்கு மட்டும் விரிந்து சுருங்கியது. பிறகு மெதுவாக நாக்கை நீட்டி ஒரு தடவை நக்கியது. இரண்டாவது துண்டுக்கு எழுந்து உட்கார்ந்தது. ஐந்தாவது துண்டுக்கு அய்யாத்துரை விரலைப் பத்திரப்படுத்திக்கொள்ளவேண்டி வந்தது. தட்டு முடிந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தது.

"பாத்தீரா, சாப் ரிட்டயர் ஆகலை, லீவுலதான் இருந்திருக்காரு" என்றார் கரீம் பாட்சா.

ஹூப்ளி வரைக்கும் மேஜர் தூங்கிக்கொண்டு வந்தது. அங்கே அக்தர் பானு விஷயத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மஞ்சளும் உப்பும் இல்லாமல் எலும்புக் கறியை அரிசியோடு சேர்த்து வேகவைத்துக் கொடுத்தாள். ராத்திரி ஒரு வேளை. வியாழக்கிழமை காலையில் ஒரு வேளை. வழிக்கு ஒரு பொட்டலம். விடைபெறும்போது கரீம் பாட்சா காருக்குள் தலையை நீட்டாமல் எட்ட நின்றே, "வாரேன் மேஜர் சாப்" என்றார். அய்யாத்துரையிடம், "அந்தம்மாகிட்ட என்ன சொல்லப் போறீரு?" என்று கேட்டார்.

"எதுக்குச் சொல்லணும்? அங்க போனா அவங்க கையால தயிர்ச் சோறு போடுவாங்க. அது திங்கும். அதோட சரி."

"அதுவும் சரிதான்" என்றார் கரீம் பாட்சா, நம்பாத குரலில்.

வியாழக்கிழமை இருட்டுகிற நேரத்துக்கு மல்லேஸ்வரம் வந்து சேர்ந்தார்கள். மேஜர் கனகவள்ளியம்மாள்மேல் பாய்ந்து, புடவையைக் கடித்து இழுத்து, வீடு முழுக்க ஓடியது. அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இளைக்கவே இல்லையே. நன்னாப் பாத்துண்டிருக்கே அய்யாத்துரை" என்றார். அனந்தநாராயணன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, தலையை ஆட்டினார். காலையில் கடிதம், வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில் என்று பேச்சு.

அம்மாள் தட்டில் தயிர் சாதத்தைப் பிசைந்து வைத்தார். மேஜர் வந்தது. மோந்தது. அவர் முகத்தைப் பார்த்தது. பிறகு கார் ஷெட்டில் படுக்கை விரித்துக்கொண்டிருந்த அய்யாத்துரையிடம் ஓடிவந்து, அவர் கையை மோந்து, எதிரே உட்கார்ந்துகொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் பாலைக் குடித்தது. மத்தியானம் தயிர் சாதத்தைத் தொடவில்லை. நெய்யை மட்டும் நக்கிவிட்டு, வாசல் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தது. கனகவள்ளியம்மாளும் சாப்பிடவில்லை. புது வீடு பிடிக்கவில்லை என்றார். திருஷ்டி என்றார். மிருக டாக்டர் வந்து வாயைத் திறந்து பார்த்து, ஊர் மாறிய ஏக்கம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அனந்தநாராயணன் அய்யாத்துரையைக் கூப்பிட்டார். "இன்னிக்கு ராத்திரி நீ கிளம்பவேண்டாம். அவன் உன்னையே சுத்திச் சுத்தி வரான். சாப்பிட ஆரம்பிக்கட்டும். ஒரு வாரம் இருந்துட்டுப் போ."

"திங்கக்கிழமை விக்ரோலி சார்."

"வேலை எங்கே ஓடிப் போறது? அங்கே ஒரு கடிதாசு போட்டுச் சொல்றேன். நீ கிளம்பற அன்னிக்கு உன் லெட்டரை எழுதித் தரேன்."

வேலை எங்கே ஓடிப்போகும் என்று அய்யாத்துரைக்குத் தெரியும். திங்கட்கிழமை அந்த கேட்டில் இருபது பேர் நிற்பார்கள். இருபத்தோராவது ஆளுக்காக யாரும் காத்திருக்கமாட்டார்கள். ஷெட்டுக்கு வந்து காரைத் துடைத்தார். துடைத்த காரையே மறுபடியும் துடைத்தார். மேஜர் காலடியில் உட்கார்ந்து அவர் கையையே பார்த்தது.

சாயங்காலம் நாயை நடத்திக்கொண்டு போனார். மூன்று தெரு தாண்டி ஒரு மிலிட்டரி ஹோட்டல் இருந்தது. அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. மேஜர்தான் கயிற்றை இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியது. அவருக்கும் வேறு வழி தெரியவில்லை. மட்டன் வாங்கி, அலசி, இலையில் வைத்தார். அது வழித்துத் தின்றது. திரும்பிவந்து வெராந்தாவில் சுருண்டு படுத்து நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டது.

"பார்த்தேளா" என்றார் கனகவள்ளியம்மாள் கணவரிடம். "அய்யாத்துரையோட போயிட்டு வந்ததுமே அடங்கிடுத்து. அவன் போகப்படாது. ஒரு மாசமாவது இருக்கட்டும்."

அதைக் கேட்டதும் அய்யாத்துரைக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. ஒளித்து ஒளித்துப் போட்டால் நாய் பிழைக்கும், தான் போக முடியாது. போடாமல் இருந்தால் அது தின்னாது, அப்போதும் போக முடியாது. உண்மையைச் சொன்னால் போகலாம். ஆனால் லெட்டர் இல்லாமல் எதை எடுத்துக்கொண்டு போவது? திங்கட்கிழமைக்குள் போய்ச் சேர்கிற கடைசி ரயில் சனிக்கிழமை மத்தியானம். அந்த வெள்ளிக்கிழமை ராத்திரி அவர் படுக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை கனகவள்ளியம்மாள் மேஜர் முன்னால் தரையில் உட்கார்ந்து, சாதத்தை உருண்டை பிடித்து அதன் வாயருகே நீட்டிக்கொண்டிருந்தார். அய்யாத்துரை வெராந்தாப் படியில் வந்து நின்றார்.

"அம்மா, அதுக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல."

"பின்னே ஏன் சாப்பிட மாட்டேங்கறான்?"

"வழியில நான் ஆட்டு இறைச்சி போட்டேன்மா."

உருண்டை அம்மாள் கையிலேயே இருந்தது. "எத்தனை தரம்?"

"வழியில நாலு. நேத்து சாயங்காலம் ஒண்ணு."

"நான் என்ன சொல்லி அனுப்பினேன்?"

"தயிர்ச் சாதம்தான் சொன்னிய. ஒண்ணரை நாளு வச்சு வச்சுப் பாத்தேன்மா. தண்ணிகூட எறங்கல. நிப்பாணியில கண்ணு சொருகிப் போச்சு. அதுக்கப்புறம்தான் போட்டேன்."

கனகவள்ளியம்மாள் உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். அய்யாத்துரை திட்டை எதிர்பார்த்து நின்றார். அது வரவில்லை.

"அது போகட்டும். அவன் உசிருக்காகப் பண்ணினே. வந்த அன்னிக்கே ஏன் சொல்லலை?"

அய்யாத்துரை வாசல் பக்கம் பார்த்தார்.

"சொல்லு."

"சொன்னா லெட்டர் கிடைக்காதுன்னு நெனச்சேன்மா."

"ஆக, உன் லெட்டருக்காக ரெண்டு நாள் அவன் பட்டினி. நானும் பட்டினி. நீ பார்த்துண்டு நின்னே."

வழி நெடுக யோசித்துவைத்த பதில்கள் எல்லாம் நிப்பாணிக்குத்தான் சரியாக இருந்தன. மல்லேஸ்வரத்துக்கு ஒன்றும் இல்லை.

உள்ளே அனந்தநாராயணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அரைமணி கழித்து ஒரு காகிதத்தோடு வெளியே வந்தார்.

"பொய் எழுத எனக்கு வராது. நடந்ததை எழுதினா உனக்கு உதவாது. அதனாலே வண்டி ஓட்டறதைப் பத்தி மட்டும் எழுதியிருக்கேன். ஒன்பது வருஷம், விபத்து இல்லே, குடி இல்லே. அவ்வளவுதான்."

"சரிங்க சார்."

"நம்பிக்கையான ஆள்னு ஒரு வரி போடறது வழக்கம். அது இதுலே இல்லே. தெரிஞ்சுக்கோ."

அய்யாத்துரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டருகே போனபோது கனகவள்ளியம்மாள் பின்னாலேயே வந்தார். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, "ஒரு வேளைக்கு எவ்வளவு?" என்று கேட்டார்.

"கால் கிலோ போதும்மா. வெறும் தண்ணியில வேக வைக்கணும். உப்பு வேண்டாம். எலும்பு சின்னதாப் போட்டா தொண்டையில சிக்கும்."

"பின்னாத்திலே ஒரு பட்டாளத்துக்காரர் இருக்கார். அவாத்து சமையக்காரனைக் கேட்டுப் பார்க்கணும். கொல்லைப் பக்கமா வச்சுட்டுப் போகட்டும்." உள்ளே போகத் திரும்பியவர் மறுபடி கேட்டார். "நீ வழிக்குச் சாப்பாடு எடுத்துண்டியா?"

"ஸ்டேஷன்ல பாத்துக்கிடுதேன்மா."

அம்மாள் உள்ளே போய்விட்டார். மேஜர் கயிறு எட்டுகிற வரைக்கும் வந்து நின்றது. அய்யாத்துரை திரும்பிப் பார்க்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது.

ஞாயிறு முழுக்க கதவருகே நின்றுகொண்டே வந்து, ராத்திரி பூனாவில் வண்டி மாறினார். உட்கார இடம் கிடைத்தது, உட்காரவில்லை. கடிதத்தை எடுத்துப் பார்ப்பார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆறு வரி என்று எண்ண மட்டும் தெரியும். திங்கட்கிழமை காலையில் தாதரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல், குழாயில் முகத்தைக் கழுவிக்கொண்டு லோக்கல் பிடித்து விக்ரோலி போனார். எட்டே முக்காலுக்கு கேட்டில் நின்றார். அவர் முன்னால் பதினாறு பேர்.

அதிகாரி கடிதத்தைப் படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"ஒன்பது வருஷம் ஒரே இடமா?" என்று இந்தியில் கேட்டார்.

"ஹாங் சாப்."

"ஓட்டுவாய் என்று எழுதியிருக்கிறார். ஆள் எப்படி என்று எழுதவில்லையே?"

சாப் மறந்திருப்பார் என்று சொல்லலாம். அது வாய்வரை வந்தது. "அவரு ஒரு வேலை சொன்னாரு, நான் அது மாதிரி செய்யலை சாப்" என்றார் அய்யாத்துரை.

"என்ன வேலை? வண்டியிலா?"

"இல்லை சாப். நாய்க்குச் சோறு போடறதுலே."

அதிகாரி மேலும் கேட்கவில்லை. ஒரு லாரியை எடுத்துக் காட்டச் சொன்னார்கள். குறுகலான சந்துக்குள் அதைப் பின்பக்கமாகக் கொண்டுபோய், சுவருக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினார். மத்தியானம் முடிவு சொன்னார்கள். பக்கா இடம், கடிதத்தில் எல்லா வரியும் இருந்த அம்பர்நாத்காரர் ஒருவருக்குப் போயிற்று. அய்யாத்துரையை பதலியாக எழுதிக்கொண்டார்கள். தினமும் காலை ஏழு மணிக்கு வந்து நிற்கவேண்டும். யாராவது டிரைவர் வராவிட்டால் அன்றைக்கு வேலை, எல்லாரும் வந்துவிட்டால் திரும்பிப் போகலாம். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மேற்கொண்டு சொல்வார்கள்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னார். வந்த அன்றே ஏன் சொல்லவில்லை என்று கனகவள்ளியம்மாள் கேட்டதை மட்டும் சொல்லாமல் விட்டுப் பார்த்தார். பிறகு அதையும் சொன்னார். ஆறுமுகத்தாய் சட்டையை அவிழ்த்து வாங்கித் தண்ணீரில் போட்டாள். சட்டையெல்லாம் நாய் முடி.

"வந்த அன்னைக்கே சொல்லிருந்தா அந்த ஒரு வரியும் கிடைச்சிருக்கும்."

"கிடைச்சிருக்கும்."

"சொல்லாமலே ஒரு மாசம் அங்கன இருந்திருந்தா?"

"அப்பவும் கிடைச்சிருக்கும். வேலைதான் இருந்திருக்காது."

"ரெண்டுக்கும் நடுவுல வந்து நின்னிருக்கிய" என்றாள் அவள், சோப்பைத் தேய்த்துக்கொண்டே. "அந்த நாயி இப்பம் திங்குதா?"

"தெரியல. கால் கிலோன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"நம்ம வீட்டுல ஞாயித்துக்கிழமைக்கே கால் கிலோதான்."

சந்திரலேகா சிரித்துவிட்டாள். ஆறுமுகத்தாய் சிரிக்கவில்லை. ஈரக் கையோடு எழுந்து, நாளைக்குப் போட்டுக்கொள்ள இருந்த இன்னொரு சட்டையை எடுத்து உதறி, பொத்தான் எல்லாம் இருக்கிறதா என்று பார்த்தாள். ஒன்று இல்லை. நூலில் கோத்துத் தைத்து, பல்லால் கடித்து அறுத்தாள்.

"ஏழு மணிக்கு அங்கன நிக்கணும்னா அஞ்சரைக்கே எந்திரிக்கணும். படுங்க."

அய்யாத்துரை படுத்தார். கொஞ்ச நேரத்தில் எழுந்து, வாசலில் போய் நின்றார்.